கயிறு பாயோடு பம்பாய் போன கதை

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் கயிறு பாயின் கயிற்றால் கட்டப்படாத ஜீவராசி ஒன்றுகூட அந்தக் காலத்தில் கிடையாது. ஆடு, மாடு, கிணற்று வாளி, பந்தக்கால், லாரியில் ஏறும் கடலை மூட்டை என்று எதை எடுத்தாலும் அதைச் சுற்றியிருப்பது அவர் கடைக் கயிறாகத்தான் இருக்கும். அந்தப் பட்டியலில் அடியேனும் உண்டு. என்னைக் கட்டி இழுத்தது பம்பாயில்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். அது அவருக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். சொந்த ஊர் லப்பைக்குடிகாடு. கடை பெரம்பலூரில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே. ஆளும் சரக்கைப் போலவே நீளமாய், மெலிதாய், முறுக்காய் இருப்பார். முழுக்கை வெள்ளைச் சட்டை, கைலிக்கு மேல் பட்டையான பச்சை பெல்ட், வருஷத்தில் பத்து நாள் மழை பெய்கிற ஊரில் முந்நூற்றறுபத்தைந்து நாளும் கையில் குடை.

கயிறு வாங்க வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்வி, "தாங்குமா பாய்?" என்பது. வேறு வியாபாரியாக இருந்தால் தாங்கும் என்பார், இல்லை சத்தியம் செய்வார். பாய் எதுவும் பேசமாட்டார். கயிற்றை உத்தரத்தின் மேல் வீசி முடிச்சுப் போட்டு, இரண்டு கையாலும் பிடித்துத் தொங்க ஆரம்பித்துவிடுவார். தொங்கியபடியே வந்தவரின் குடும்பம், பயிர், பெண்ணுக்குப் பார்த்த வரன் எல்லாவற்றையும் விசாரிப்பார். வந்தவர் 'போதும், நம்புகிறேன்' என்று சொன்னால்தான் இறங்குவார். ஒருமுறை வாலிகண்டபுரத்து விவசாயி ஒருவர் அப்போதும் நம்பவில்லை. நீங்களும் வந்து தொங்குங்கள் என்றார் பாய். அவரும் தொங்கினார். உத்தரம் அசைந்து மேலேயிருந்து ஏழெட்டு ஓடுகள் விழுந்து உடைந்தன. பாய் தலையில் ஓட்டுத் தூளோடு சிரித்தார். "பாத்தீங்களா, ஓடுதான் வுழுந்துச்சு. கயிறு வுழுவல."

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கம் ஒரு காய்ச்சல் பரவியது. துபாய்க் காய்ச்சல். லப்பைக்குடிகாட்டில் வீட்டுக்கு ஒருவர் கடல் தாண்டினார்கள். அந்த ஊரோடு நிற்கும் என்று பார்த்தால் பஸ் ஏறி எல்லா ஊருக்கும் வந்தது. துபாய்க்குப் போக வேண்டுமானால் பம்பாய் போக வேண்டும். பம்பாய் போக வேண்டுமானால் கயிறு பாயிடம் போக வேண்டும். அவருடைய மச்சான் அங்கே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். பாய் முதலில் தன் தம்பிகளைக் கூட்டிப்போனார். பிறகு தம்பிகளின் மச்சான்களை. பிறகு தெருக்காரர்களை. கடைசியில் கேட்கிற எல்லாரையும். இதற்காக யாரிடமும் எதுவும் வாங்கமாட்டார். ஒரே ஒரு நிபந்தனைதான். ஊரில் ரயில் ஏறியதிலிருந்து விமானத்தின் கதவு சாத்துகிற வரை அவர் சொன்னதுதான் சட்டம்.

அவருக்கு இதில் ஒரு பெருமையும் இருந்தது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். "நாப்பத்தி மூணு பேரக் கூட்டிட்டுப் போயிருக்கேன். ஒருத்தன்கூடத் திரும்பி வந்ததில்ல."

இதை ஒருநாள் என் மனைவி வசந்தாவின் முன்னாலும் சொன்னார். அவள் உள்ளே போய் அழுதாள்.

நான் அப்போது ரெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்று எழுதுவது வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது புருவம் வெள்ளையாக இருக்கும். அது ஒன்றைத் தவிர எனக்குக் குறை ஒன்றும் கிடையாது. குறை இருந்தது என் மாமனாருக்கு. அரியலூரில் கடலை மண்டி வைத்திருந்தார். அவருடைய மண்டிக்கு எதிர்த்தாற்போல் ஒருநாள் துபாயிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒருவர், தோளில் பெட்டி போன்ற டேப் ரிக்கார்டர் பாட, கறுப்புக் கண்ணாடியோடு நடந்து போயிருக்கிறார். மாமனார் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் எனக்கு ஆள் அனுப்பினார்.

"மாப்ள, பாயிட்ட பேசிட்டேன். டைம் கீப்பர் வேலையாம். இங்க பண்றத அங்க பண்ணப் போறீங்க. மணி அடிச்சா எழுதுங்க. அம்புட்டுதான்."

எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவர் மண்டியில் இருந்த பத்துப் பேருக்கும் ஆளுக்கொரு கலர் சோடா உடைத்துவிட்டார். சோடா உடைத்தபிறகு வேண்டாம் என்று சொல்கிற தைரியம் எங்கள் வம்சத்தில் யாருக்கும் கிடையாது. வசந்தாவிடம் கேட்டேன். "போனாப் போங்க. போவலன்னா இருங்க. எங்கப்பாவுக்காகப் போறேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள். நான் அவள் அப்பாவுக்காகத்தான் போனேன்.

அரியலூர் ஸ்டேஷனில் ரயில் நிற்கிறது இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தில் என் கழுத்தில் நான்கு மாலை விழுந்தது. மண்டிக்காரர்கள், தரகர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் என்று ஒரு ஊர்வலமே வந்திருந்தது. மாமனார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரயிலோடு ஓடியபடி, அடுத்த தடவை வரும்போது கறுப்புக் கண்ணாடியை மறந்துவிட வேண்டாம் என்றார்.

எங்கள் கோஷ்டியில் பாயைச் சேர்த்து நான்கு பேர். ஒருவர் வாலிகண்டபுரம் சின்னசாமி கொத்தனார். இன்னொருவர் திருமழபாடி கோவிந்தராசு, லாரி டிரைவர். இருவரும் துபாய்க்குப் போக உள்ளபடியே ஆசைப்பட்டவர்கள். ஆகவே நிம்மதியாகத் தூங்கினார்கள். நான் மட்டும் மதராஸ் தாண்டியதிலிருந்து ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஊருக்குத் திரும்புகிற ரயில் எப்போது என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். பாய் இதைக் கவனித்து, எனக்குத் தைரியம் சொல்வதற்காகப் பம்பாயை விளக்க ஆரம்பித்தார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க தம்பி. திருமழபாடியில நந்தி கல்யாணத்தன்னிக்கு எம்புட்டுக் கூட்டம் இருக்கும்?"

"கால் வைக்க முடியாது பாய்."

"அதேதான். அங்க டெய்லி நந்தி கல்யாணம்."

நான் அடுத்த ஸ்டேஷனிலும் திரும்புகிற ரயிலை விசாரித்தேன்.

இரண்டாம் நாள் காலையில் விக்டோரியா டெர்மினஸ் ஸ்டேஷனில் இறங்கினோம். இறங்கினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. கூட்டம் எங்களை எடுத்து வெளியே வைத்தது. பாய் ஒரு தூண் ஓரமாக எங்களை நிறுத்தி, டிரங்குப் பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்து புதுத் தேங்காய்நார்க் கயிறு ஒன்றை எடுத்தார். இரண்டு முழத்துக்கு ஒரு முடிச்சாக நான்கு முடிச்சு. முதல் முடிச்சு பாய். இரண்டாவது கொத்தனார். மூன்றாவது டிரைவர். கடைசி முடிச்சு நான்.

"ஒரு கையில பெட்டி. ஒரு கையில முடிச்சு. மூக்கு அரிச்சாலும் முடிச்ச வுடக் கூடாது. பெட்டிய வுட்டாக்கூடப் பரவால்ல."

நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் எண்பது வாங்கியவன். கல்யாணம் ஆனவன். நான்கு மாலை போட்டு அனுப்பப்பட்டவன். மாடு மாதிரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பதா என்று பாயிடம் கேட்டேன். மாடு இவ்வளவு கேள்வி கேட்காது என்றார். குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நடக்க, நாங்கள் பம்பாய்க்குள் பிரவேசித்தோம்.

அந்த ஊரின் சத்தத்தை எப்படிச் சொல்வது? ஆலையில் கல் உடைக்கிற இயந்திரத்துக்கு அடியில் வேலை பார்த்தவன் நான். அது ஒரு சத்தம்தான். இங்கே ஆயிரம் விதம். டாக்சி ஒருபக்கம், கைவண்டி ஒருபக்கம், தலையில் இரும்புக் கம்பியோடு ஓடுகிறவர்கள் ஒருபக்கம், எவரும் எவரையும் பார்ப்பதில்லை, எவரும் எவர்மேலும் மோதுவதுமில்லை. மோதினவன் நான் ஒருவன்தான். பாய் மட்டும் குடையும் கையுமாக, வழியில் நிற்பவர்களிடமெல்லாம் அழுத்தந்திருத்தமான லப்பைக்குடிகாட்டுத் தமிழில் வழி கேட்டுக்கொண்டே போனார். அவர்கள் இந்தியில் பதில் சொன்னார்கள். இரு தரப்பும் தலையாட்டிக்கொண்டார்கள். ஒரு திருப்பம்கூடத் தப்பவில்லை.

வழியில் ஓர் இடத்தில் நடைபாதையில் கொஞ்சம் இளைப்பாறினோம். மறுபடி கிளம்பியபோது கயிறு கனத்தது. திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் மீதியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்றார். அவருக்குப் பின்னால் பை வைத்துக்கொண்டு ஓர் அம்மாள். அவளுக்குப் பின்னால் கோட்டுப் போட்ட ஒருவர். அந்த ஊரில் நாலு பேர் வரிசையாக நின்றால் ஐந்தாவது ஆள் எதற்கு என்று கேட்காமல் பின்னால் நின்றுவிடுவார் என்பது எனக்கு அப்போது தெரியாது. மண்ணெண்ணெய்க்கா, பாலுக்கா என்பதைப் பிறகு தெரிந்துகொள்ளலாம். முதலில் இடம் பிடிக்க வேண்டும்.

"பாய், பின்னாடி ஆளுங்க சேந்துட்டாங்க" என்று கத்தினேன்.

"எத்தன பேரு?"

"ஏழு பேரு இருக்கும்."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வரட்டும். கயிறு தாங்கும்."

பதினோரு பேராக மச்சான் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பாய் குடையை மடக்கிவிட்டு, வந்தவர்களிடம் இது வரிசை இல்லை, வழித்துணை என்று தமிழில் மன்னிப்புக் கேட்டார். கோட்டுக்காரர் மட்டும் கோபித்துக்கொண்டார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். அந்த அம்மாள் போகிறபோது என் தோளைத் தட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். கண்டிப்பாக நல்லதாகத்தான் இருக்கும்.

மறுநாள் பொழுதுபோக எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். கொத்தனார் வழியெல்லாம் கட்டடங்களைத் தடவிக்கொண்டே வந்தார். பூச்சு வேலை செய்தவனைப் பார்த்தால் காலில் விழுந்துவிடுவேன் என்றார். டிரைவர் இரண்டடுக்குச் சிவப்பு பஸ்ஸைப் பார்த்துவிட்டு, அதைத் திருப்புகிற ஆளை ஒருதடவை பார்க்க வேண்டும் என்று சாலை ஓரத்திலேயே நின்றுவிட்டார். எனக்கு அதுதான் முதல் கடல். அதுவரை நான் பார்த்த பெரிய தண்ணீர் கொள்ளிடம். இவ்வளவு பெரியதைப் பார்த்ததும் எனக்கே தெரியாமல் சிரிப்பு வந்தது. காலை நனைத்துக்கொண்டு குழந்தை மாதிரி நின்றேன். சந்தோஷம் தாங்காமல் பாயைக் கேட்டேன், அந்தக் கரையில் என்ன ஊர் என்று.

"அதான் தம்பி, நீங்க போவப் போற ஊரு."

கொள்ளிடத்துக்கு அந்தக் கரை தெரியும். இதற்குத் தெரியவில்லை. எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் தெரியவில்லை. நான் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டேன்.

அடுத்த நாள் இன்டர்வியூ. ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடி. மாடிப்படி முழுக்க ஆட்கள். கொத்தனாரை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்ச் செங்கல் வைக்கச் சொன்னார்கள். கால் மணியில் முடித்து, அவர்கள் ஏற்கெனவே கட்டியிருந்த சுவர் கோணல் என்றும் சொல்லிவிட்டு வந்தார். டிரைவரைத் தெருவில் வண்டி ஓட்டச் சொன்னார்கள். பம்பாய்த் தெருவில் ஒருமுறை பின்பக்கமாகவே ஓட்டிக் காட்டினார். இருவருக்கும் வேலை நிச்சயம். மிச்சம் இருந்தது நான்.

டைம் ஆபீஸ்காரன் என்பதால் என் உடம்பில் நடந்ததை வருகைப் பதிவேடு மாதிரியே சொல்கிறேன். முதல் மாடியில் வயிறு லீவு போட்டது. இரண்டாம் மாடியில் முழங்கால் வேலைநிறுத்தம் செய்தது. மூன்றாம் மாடியில் நாக்கு வேலைக்கே வரவில்லை. நான்காம் மாடியில் கதவு திறந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். இருதயம் ஒன்றுதான் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி கூப்பிட்டார்கள். பாய் உள்ளே எட்டி, வருகிறார் என்று சொல்வதற்காகத் திரும்பிய அந்த ஒரு கணத்தில், நான் படி இறங்க ஆரம்பித்தேன். ஓடவில்லை. குமாஸ்தாவுக்குரிய கண்ணியத்தோடு இரண்டு படி இறங்கினேன். அதன்பிறகு ஓடினேன்.

தெருவில் ஒரு சிவப்பு பஸ் நின்றிருந்தது. ஏறி, மாடிக்குப் போய், முன்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்து, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார் போலிருக்கிறது. பாயின் முறையைக் கையாண்டு, மெதுவாக, உரக்கத் தமிழில் சொன்னேன், கடைசி வரைக்கும் என்று. சீட்டுக் கிழித்துக் கொடுத்தார்.

ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். பம்பாய் எனக்குப் பிடித்துப்போனது அந்த பஸ்ஸின் மாடியில்தான். மேலேயிருந்து பார்த்தால் அந்த ஊருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. புறாக்களுக்குத் தானியம் போடுகிறவர்கள், நடைபாதையில் உட்கார்ந்து முகம் மழிக்கிறவர், மூன்றாம் மாடியில் சேலை உலர்த்தியபடியே எதிர்வீட்டோடு சண்டை போடுகிறவள், எல்லாம் என் கண் உயரத்தில் போயின. நான் யார், எந்த ஊர், யார் வீட்டு மாப்பிள்ளை என்று கேட்க ஒருவரும் இல்லை. இந்த ஊரிலேயே இறங்கி மறைந்துவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம், மறைந்துவிட்டால் நிஜமாகவே ஒருவரும் கேட்கமாட்டார்களே என்று தோன்றி அழுகை வந்தது. கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. பஸ் திரும்பியது. இந்தப் பக்கக் கடைசிக்கு வந்தது. அப்போதும் இறங்கவில்லை. மறுபடி திரும்பியது. மூன்றாம் தடவை கண்டக்டர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தன் டீயில் பாதியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான்கு மணி நேரம் கழித்து, ஒரு நிறுத்தத்தில் எனக்குத் தெரிந்த குடை ஒன்று நின்றது. இன்டர்வியூ நடந்த அதே கட்டடத்தின் வாசல். குடைக்குக் கீழே கயிறு பாய் ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்து, வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போய்த் தலையைக் குனிந்து நின்றேன்.

"கடல சாப்புடுறீங்களா தம்பி? சூடா இருக்கு" என்று பொட்டலத்தை நீட்டினார்.

"என்னத் தேடலியா பாய்?"

"எதுக்குத் தேடணும்? அவுத்துக்கிட்டுப் போன மாடு ஒரு சுத்து சுத்திட்டு நின்ன எடத்துக்கே வரும். வெரட்டுனாத்தான் ஊரு தாண்டிப் போயிரும்."

பொட்டலத்தை வாங்கினேன். கடலை ஆறிப்போயிருந்தது. ஒன்றுகூட எடுக்கப்படவில்லை. காகிதம் அவர் கை வியர்வையில் ஊறிக் கிழிந்திருந்தது.

வயிற்றுவலி என்று உள்ளே சொல்லி வைத்திருப்பதாகவும், நாளைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். எனக்காக அந்த அதிகாரியிடம் ஒரு மணி நேரம் நின்று வாதாடி வாங்கிய பத்து மணி அது. நான் கடலையை வாயில் போட்டுக்கொண்டு மென்றுகொண்டே இருந்தேன்.

"தம்பி, ஒங்க மாமனார வுடுங்க. மாலையெல்லாம் வுடுங்க. ஒங்களுக்குப் போவணுமா, வேணாமா?"

சோடா உடைத்த நாளிலிருந்து இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

"வேணாம் பாய்."

அவர் மூன்று பஸ்ஸைப் பார்த்து அனுப்பினார். அவர் மனசுக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். ஒருத்தன்கூடத் திரும்பி வந்ததில்லை என்கிற அவர் பெருமை எனக்காகத் தெருவில் உட்கார்ந்திருந்தது. பிறகு எழுந்து கைலியை உதறினார்.

"சரி, வாங்க. ஊருக்குப் போவோம்."

கொத்தனாரையும் டிரைவரையும் மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு நாங்கள் ரயில் ஏறினோம். வழியெல்லாம் நான் மாமனாருக்குச் சொல்லப் பொய் தயாரித்துக்கொண்டே வந்தேன். எனக்குக் கண்ணில் கோளாறு கண்டுபிடித்தார்கள் என்பது ஒன்று. அங்கே நேரமே வேறு என்பதால் டைம் கீப்பர் வேலையை எடுத்துவிட்டார்கள் என்பது இன்னொன்று. விமானம் ரிப்பேர், கம்பெனி முதலாளி காலமாகிவிட்டார், இப்படி ஆறேழு. ஒவ்வொன்றாகப் பாயிடம் ஒத்திகை பார்த்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எதுவும் என் கனத்தைத் தாங்காது என்றார்.

"மண்டிக்குப் போனதும் நீங்க வாயத் தொறக்காதீங்க. பக்கத்துல நின்னாப் போதும்."

அரியலூர் மண்டியில் மாமனாரோடு இருபது பேர் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்தார்கள். துபாய் போய் இவ்வளவு சீக்கிரம் திரும்பியவன் அதுவரை யாருமில்லை. பாய் குடையை ஓரமாக வைத்துவிட்டு மாமனாரின் எதிரே போய் நின்றார்.

"மொதலாளி, தப்பு எம் மேல. தேதிய மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன். நாங்க போறதுக்குள்ள தம்பியோட வேலைக்கு ஆள எடுத்துட்டாங்க. தம்பி பாவம், எம்பேச்ச நம்பி வந்தாரு."

வருஷத்தில் ஒரு சந்தையைக்கூட, ஒரு தொழுகையைக்கூடத் தவறவிடாத மனுஷன் சொன்ன பொய் அது. மாமனார் பிடித்துக்கொண்டார். சோடாவில் ஆரம்பித்து, மாலை, ஊர்வலம் எல்லாம் சொல்லித் திட்டினார். கயிறு விற்கிறவனுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியுமா என்றார். அவருடைய மண்டிக்கு இனி அந்தக் கடைக் கயிறு ஒரு முழம் வராது என்றார். பாய் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பாய் சொன்னதற்காகத் திறக்கவில்லை என்று அன்றைக்கு என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பயத்தில்தான் திறக்கவில்லை.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் கேட்டேன், ஏன் பாய் இப்படி என்று.

"நீங்க இந்த வாசல்ல இன்னும் முப்பது வருசம் ஏறி எறங்கணும் தம்பி. தல குனிஞ்சு ஏற முடியுமா? எனக்கு என்ன? நாலு பேரு சிரிக்க வந்தா நாலு முழம் கயிறு கூடப் போவும்."

நாலு பேர் இல்லை, பெரம்பலூரே சிரித்தது. அவர் கடை திறக்கும்போதே டீக்கடையிலிருந்து ஒரு குரல் வரும், "பாய், இன்னிக்கு என்னா தேதி?" அவர் கோபிக்காமல் தமிழ்த் தேதி, இங்கிலீஷ் தேதி, பிறைத் தேதி மூன்றையும் சொல்வார். பம்பாய்க்குப் போகிற ஆட்கள் அந்த வருஷம் அவரிடம் வரவில்லை. வேறு யாரையோ பிடித்துப் போனார்கள்.

நான் ஆலையில் பழையபடி மணி எழுதிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த பதினோராம் மாதம் எனக்கு மகள் பிறந்தாள். கணக்குத் தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அன்றைக்கு அந்த நான்காம் மாடிக் கதவுக்குள் நான் போயிருந்தால் இந்த வாக்கியமே இருந்திருக்காது.

பிரசவம் மாமனார் வீட்டில். ஒரு சாயங்காலம் மண்டித் தரகர் வந்து, கயிறு பாய் தெருமுனையில் நிற்கிறார், குழந்தையைப் பார்க்க வந்தாராம், உள்ளே வரத் தயங்குகிறார் என்றார். மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வசந்தா என்னைப் பார்த்தாள். அவளிடம் மட்டும் நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. பம்பாயில் ஓடிய கால்கள் மறுபடி ஓடப் பார்த்தன. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மாமா, தப்பு பண்ணது பாய் இல்ல. நான்தான். கூப்புட்டப்ப பயந்துபோயி மாடிப்படி எறங்கி ஓடிட்டேன். நாலு மணி நேரம் பஸ்ஸுல சுத்தினேன். என் மானத்தக் காப்பாத்தத்தான் அவரு பழிய ஏத்துக்கிட்டாரு."

வாழ்நாளில் நான் மூச்சு விடாமல் பேசிய ஒரே உண்மை. மாமனார் என்னை நெடுநேரம் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. திரும்பி மாமியாரிடம் சொன்னார்.

"பாத்தியா? அந்த மனுசனால வாழ்க்கையே போச்சு. அவருக்காகத் தம்மேல பழியப் போட்டுக்குறாரு. மாப்ளைக்கு எம்மாம் பெரிய மனசு."

நான் சத்தியம் செய்தேன். சத்தியம் செய்யச் செய்ய என் மனசு அவர் கண்ணில் பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில், மாப்பிள்ளையே மன்னித்தபிறகு தான் யார் என்று சொல்லி, எழுந்து தெருமுனைக்குத் தானே போய்ப் பாயைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு, பாய் காப்பி குடித்தார். நான் சொன்னதையெல்லாம் மாமனார் வழியிலேயே அவரிடம் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. டம்ளருக்கு மேலே அவர் கண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தன.

குழந்தையை அவரிடம் காட்டினேன். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து, அவள் காதருகே, எனக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஒங்கப்பாவப் பத்தரமாப் பாத்துக்க கண்ணு. கூட்டத்துல எங்கயாச்சும் வுட்றாத."

அவளுக்கு அப்போது பதினேழு நாள். புரிந்தவள் மாதிரி என் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டாள். நான் பாயின் கையைப் பிடித்துக்கொண்டேன்.